முதலிற் கேள்

ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழிக்கிறான் என்பதைக் கொண்டே ஒரு மனிதனை அளந்துவிடலாம் என்று எமது ஊர்ப் பெரியவர்கள் கருதுவதுண்டு. களுவாஞ்சிக்குடியிலே ஒரு கல்லூரி ஆசிரியன் மாலை வேளையில் என்ன செய்யலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டமொன்று இருக்கிறது. அவன் வீட்டுத் தோட்டத்திலே கத்தரிக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சலாம். ஆலய பரிபாலன சபைக் கூட்டத்துக்குச் செல்லலாம். பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்திச் சிறிது பொருளும் ஈட்டலாம். இம்மூன்றையும் விடுத்து, இரண்டு தென்னை மரங்களுக்கிடையே செப்புக் கம்பியொன்றைக் கட்டி, அதன் கீழ் ஒரு சிறிய அறையிலே செவிப்பன்னியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்பானாயின், ஊர் அவனைப் பற்றி இரு விதமாக எண்ணும். ஒன்று, அவன் பெரிய விஞ்ஞானி; மற்றது, அவனுக்கு வேறு வேலை இல்லை. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. நான் ஓர் அமெச்சூர் வானொலியாளன். எம்மவரை உலகம் ‘ஹாம்’ என்று செல்லமாக அழைக்கும்.

அமெச்சூர் வானொலி என்றால் என்ன என்று வினவும் வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வீட்டு வானொலி பேசும், நாம் கேட்போம், பதில் சொல்ல வழியில்லை. ஆனால், பரீட்சையிலே தேறி அனுமதிப்பத்திரம் பெற்ற தனிமனிதர், தம் வீட்டிலிருந்தவாறே பேசவும் கேட்கவும் உலக நாடுகள் சில அலைவரிசைகளை ஒதுக்கி வைத்திருக்கின்றன. எமது நாட்டிலே அந்த அனுமதியை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. தேறியவருக்கு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். இலங்கையருடைய குறிகள் ‘நான்கு, எஸ், ஏழு’ என்று தொடங்கும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே அது ‘வி, எஸ், ஏழு’ என்றிருந்தது. ஒருவருக்குரிய குறி உலகில் வேறெவருக்கும் இல்லை. யோர்தான் நாட்டு மன்னராயிருந்த ஹுசைன் அவர்களும் ஒரு ஹாம்; அவருடைய குறி ‘ஜே, வை, ஒன்று’. மன்னரானாலும் வாத்தியாரானாலும் வானலையிலே பெயர் சொல்லும் முறை ஒன்றுதான்.

இப்பொழுதுபோக்குக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பேசுவதற்குக் கூலி வாங்கக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. பிறர் அறியாவண்ணம் மறைமொழியிற் பேசக் கூடாது. அரசியலையும் சமயத்தையும் தவிர்த்துக் கொள்வது நல்லோர் மரபு. இவையனைத்தையும் நீக்கினால் எஞ்சுவது யாது? உங்கள் ஊர் எது, அங்கே மழையா வெயிலா, என் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, கருவி கடையில் வாங்கியதா, கையாற் செய்ததா, பிள்ளைகள் சுகமா என்பவைதான். பேச்சு முடியும்போது ‘எழுபத்துமூன்று’ என்பார்கள். நல்வாழ்த்துகள் என்பது அதன் பொருள். தந்திக்காரர்கள் நூறாண்டுகளுக்கு முன்னரே வழக்கிற் கொண்டுவந்த சுருக்கம் அது. பகையில்லாத ஒரே எண் அதுதான் என்று நான் என் மாணவர்களுக்கு வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

நிற்க, எமது ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையிலே ஒடுங்கிய மணற்றிடர். அந்த மணலிலே தென்னையும், வீடும், கோயிலும், கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவும். வாவியின் இக்கரையை எழுவான்கரை என்றும், பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பாலுள்ள வயற்புறத்தைப் படுவான்கரை என்றும் எம்முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழும் கரையும் படும் கரையும் என்பது பொருள். இப்பெயர்களிட்டவர் வானொலியை அறிந்தவரல்லர். ஆயினும் எங்கள் பொழுதுபோக்குக்கு இவற்றினும் பொருத்தமான பெயர்கள் இல்லை. ஏன் என்பதைப் பின்னர் கூறுவேன்.

முதலிலே கம்பியைக் கட்டிய கதை. நான் பெரும்பாலும் பயன்படுத்துவது 7 மெகாஹேட்ஸ் மீடிறன். அதன் அலைநீளம் ஏறக்குறைய 42 மீற்றர். கம்பி அதிற் பாதியளவு இருந்தால் நன்கு ஒத்திசையும். அதாவது சுமார் 20 மீற்றர். அதனை நடுவிலே வெட்டி, இரு பாதிகளுக்கும் இடையிலிருந்து ஒரு வடத்தைக் கருவிக்குக் கொண்டுவந்தால் அன்ரனா ஆயிற்று. எங்கள் வளவில் இரு தென்னைகள் அவ்வளவு இடைவெளியில் நின்றமை என் பாக்கியம். தேங்காய் பறிக்க வருபவரைக் கொண்டே கயிற்றை மேலே ஏற்றினேன். அவர் மரத்தின் உச்சியிலிருந்து, “சேர், கொடிக்கயிறு இவ்வளவு உசரத்திலயா? உடுப்பக் காயப்போட ஒவ்வொரு நாளும் நான் வரணுமா?” என்று கேட்டார். என் இல்லாள் கீழே நின்று, “உடுப்புக் காயிற கயிறெண்டாலும் பரவாயில்ல, அண்ணன். இது ஒண்டுக்கும் உதவாத கயிறு” என்றாள். அன்று தொடக்கம் எங்கள் வீட்டிலே அக்கம்பிக்கு அதுவே பெயராயிற்று.

கடற்காற்றிலே செப்பு நெடுநாள் செம்மையாய் இராது. பச்சைக் களிம்பு பிடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கயிறு உரசித் தேயும். வாடை தொடங்கி மாரி பிறந்தால் இடியும் மின்னலும் வரும்; அப்போது வடத்தைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். ஆயினும் உவர்நீர் சூழ்ந்த இடம் வானொலிக்கு உகந்தது. நனைந்த உப்பு மண்ணும் வாவி நீரும் மின்னை நன்கு கடத்துவதால், அலை தாழ்ந்து தொலைதூரம் செல்ல அவை துணைபுரிகின்றன. மலைநாட்டு ஹாம் ஒருவருக்கு உயரம் வாய்த்ததென்றால் எமக்கு உவர்நீர் வாய்த்தது.

அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து கருவியின் முன் அமர்வது என் வழக்கம். அனைத்துலக நேரப்படி அது முன்னைய நாள் இரவு பதினொரு மணி. பகலில் ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வானத்தின் கீழ்ப்பகுதியில், 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்திலே, ஓர் அயனப்படையை உண்டாக்குகின்றன. அது 7 மெகாஹேட்ஸ் அலையைப் பெருமளவு விழுங்கிவிடும். ஞாயிறு மறைந்ததும் அப்படை கலைந்துபோகும். அப்போது அலை தடையின்றி மேலெழுந்து, 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மேற்படையிலே பட்டுத் திரும்பி, கடல் கடந்த நாடொன்றிலே இறங்கும். இரவுக்கும் பகலுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வேளை, வைகறையும் அந்தியும், இன்னும் விசேடமானது. கீழ்ப்படை கலைந்தும் மேற்படை கலையாதும் இருக்கும் அந்த எல்லைக்கோட்டின் வழியே அலை மிகத் தொலைவு செல்லும். இப்போது புரிந்திருக்கும்: எழுவானும் படுவானும் என்று இரு கரைகளுக்கும் பெயர் வைத்த ஊரிலே, எழும்போதும் படும்போதும்தான் உலகம் எங்கள் அறைக்குள் வருகிறது.

சில வைகறைகளில் யப்பான், சில வைகறைகளில் உருசியா, சில அந்திகளில் அவுஸ்திரேலியா. சில நாட்களில் இரைச்சலைத் தவிர வேறில்லை. ஞாயிற்றின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கொரு முறை பெருகிக் குறைகின்றன. பெருகும் ஆண்டுகளில் மிகச் சிறிய சக்தியும் உலகைச் சுற்றிவரும். என்னிடமுள்ள கருவிகளுள் ஒன்று ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹார் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ என்னும் வகையினது. எமது பிராந்தியத்துக் கடைகளிலே கிடைக்கும் மலிவான உதிரிகளைக் கொண்டே ஒருவர் கையாற் செய்துகொள்ளத் தக்கதாக அவர் அதை அமைத்து, அதன் படத்தை எல்லோருக்கும் இலவசமாய் வழங்கினார். ஒரு மின்குமிழுக்குச் செலவாகும் மின்சாரத்தில் அதனைக் கொண்டு இந்தியாவின் பல பகுதிகளோடும் பேசியிருக்கிறேன்.

இனி, இப்பொழுதுபோக்கின் முதல் விதியைச் சொல்லுகிறேன். பேசுவதற்கு முன்னர் கேட்க வேண்டும். ஓர் அலைவரிசையில் வாய் திறப்பதற்கு முன்னர், அங்கே வேறெவரேனும் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று பொறுத்திருந்து கேட்க வேண்டும். எதுவும் கேளாவிடினும், “இவ்வலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா?” என்று வினவ வேண்டும். எனக்குக் கேளாத ஒருவர் வேறொருவருக்குக் கேட்கலாமன்றோ! அதன் பின்னரே அழைக்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இருவர் குரலும் கெடும். ஆகையாற் குறுக்கிடும் சுகம் இங்கே எவருக்கும் இல்லை. வள்ளுவர் ‘கேள்வி’க்கு ஓர் அதிகாரமே வகுத்தார். எமது ஊரவருக்கும் இது புதிதன்று. நிலவு காயும் இரவிலே வாவியில் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலே தாழ்த்தி, மறுமுனையைச் செவியில் வைத்து, மீன் பாடுவதைக் கேட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். துடுப்புக்குப் பதிலாக நான் கம்பியைப் பிடித்திருக்கிறேன், அவ்வளவே.

மாணவர்கள் விரும்பும் வரலாறு ஒன்று இப்பொழுதுபோக்குக்கு உண்டு. மார்க்கோனி 1901ஆம் ஆண்டு டிசம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த சைகையைக் கேட்டதாக அறிவித்த பின், நெடிய அலைகளே தூரம் செல்லும் என்று வல்லுநர் நம்பினர். ஆகவே 1912இல் அமெரிக்கச் சட்டம், அமெச்சூர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டது. பயனற்ற தரிசு என்று கருதிக் கொடுத்த நிலம் அது. அந்தத் தரிசிலேதான் பொன் விளைந்தது. குறுகிய அலைகளே வானத்திலே பட்டுத் திரும்பி உலகைச் சுற்றும் என்பதை அமெச்சூர்கள் தம் கையாற் செய்த கருவிகளால் மெய்ப்பித்தனர். 1924ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆந் திகதி, இலண்டனில் மில்ஹில் பாடசாலையிலே கற்றுக்கொண்டிருந்த சிசில் கோய்டர் என்னும் பதினெட்டு வயது மாணவன், உலகின் மறுபுறத்தில் நியூசிலாந்துப் பண்ணையொன்றிலிருந்த ஃபிராங்க் பெல் என்பவருடன் உரையாடினான். அவ்விரு நாடுகளுக்கும் இடையே வானொலி வழியாக நிகழ்ந்த முதல் இருவழி உரையாடல் அது. அடுத்த ஆண்டு, 1925இல், பாரிஸ் நகரிலே உலக அமெச்சூர்களின் சங்கம் தோன்றியது.

அதே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பிலும் வானொலி நிலையம் தொடங்கிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் தலைமையிற் பரிசோதனை ஒலிபரப்பு நடந்தது. முதல் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு செய்த கருவியால் கிராமபோன் இசையை அனுப்பினார்கள். கப்பல்களை மூழ்கடிக்கக் கட்டளை கேட்ட கருவி, இலங்கையில் இசை பரப்பிற்று. ஹாப்பர் வானொலி ஆர்வலரைக் கூட்டி ஒரு சங்கமும் அமைத்தார். எங்கள் நாட்டு வானொலியின் தொட்டிலருகே பொழுதுபோக்காளர்களும் நின்றார்கள் என்பது எனக்குப் பெருமை.

“அதெல்லாம் சரி சேர், கைத்தொலைபேசி இருக்கக்குள்ள இதென்னத்துக்கு?” என்று வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். நியாயமான வினா. அதற்கு விடை சொல்ல நான் 2004ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். அப்போது நான் இருபதுகளில் இருந்தேன். கடல் எங்கள் கரையோரத்திற் செய்ததை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் அதனை அறியாத குடும்பமில்லை. உயிர் தப்பியோர் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கு ஓடினோம். என் தமக்கை கொழும்பிலே மணம் முடித்திருந்தாள். தொலைபேசி இயங்கவில்லை. ‘நாங்கள் உயிரோடு இருக்கிறோம்’ என்ற மூன்று சொற்கள் அவளிடம் போய்ச்சேர மூன்று நாட்கள் ஆயின. அம்மூன்று நாட்களும் அவள் எங்களுக்காக அழுதாள். பின்னர் வந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டாவது அழுகையை மட்டுமே நான் பார்த்தேன். முதலாவதைப் பற்றி அவள் இன்றுவரை பேசுவதில்லை.

அந்நாட்களிலே நாட்டின் தென்கோடியில் என்ன நடந்தது என்பதைப் பின்னரே படித்தேன். இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் அவருடைய நண்பர்களும், தொலைபேசி செத்துக் கிடந்த அம்பாந்தோட்டைக்குக் கருவியோடு ஆட்களை அனுப்பி, கொழும்பிலே பிரதமரின் வாசஸ்தலத்தோடு குறுகிய அலையிலே தொடர்பு ஏற்படுத்தினார்கள். வங்கக் கடலின் மறுகரையில், அந்தமான் தீவின் போர்ட் பிளேயர் நகரிலே, ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், உலக ஹாம்களோடு உரையாடுவதற்கென்று ஒரு குழுவுடன் வந்து தங்கியிருந்தார். அன்று காலை நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது. பொழுதுபோக்குக்காக அமைத்த நிலையம் அக்கணமே தீவு மக்களின் சேதிகளைப் பெருநிலத்துக்கு அனுப்பும் நிலையமாயிற்று. இன்னார் நலம், இன்னார் நலம் என்று சேதி போயிற்று.

கைத்தொலைபேசிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரங்களை இணைக்கும் வடம் வேண்டும். ஆபத்து வேளையில் எல்லோரும் ஒருமிக்க அழைத்தால் வழியும் அடைபடும். என் கருவிக்கு ஒரு 12 உவோல்ற்று பற்றரியும் ஒரு கம்பியும் போதும். அடுத்த முனையில் இன்னொரு பற்றரியும் கம்பியும் இருந்தால் நடுவில் வேறொன்றும் வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியோர், தென்னைகள் யாவும் நெற்கதிரைப்போல் வீழ்ந்து தெருக்களை மூடியதைச் சொல்லுவார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருப்பவர்கள் இவ்வாறான நாட்களை மறக்கலாகாது. என் மாணவனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன், “அப்ப ஊருக்கு ஒராளாவது இதப் பழகி வச்சிருக்கணும், சேர்” என்றான். வினாவைவிட அவன் கண்ட விடை நன்றாயிருந்தது.

அன்றே பழகியிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். போர் நடந்த காலத்திலே கிழக்கில் ஒரு தமிழிளைஞன் ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பதென்பது நினைக்கவும் அஞ்சும் காரியம். கூரையிலே நீண்ட கம்பியைக் கண்டாலே கேள்விகள் பிறந்த காலம் அது. 2009இல் போர் முடிந்து, மேலும் சில ஆண்டுகள் சென்ற பின்னரே நான் துணிந்து பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். அப்போதும் என் தாயார், “கம்பி வேணாம் மகன், நாலு பேர் பாக்கிற மாதிரி ஒண்டும் வேணாம்” என்றார். அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டு, கருவிக்கு மேலே சுவரிலே தொங்கவிட்டேன். தாயார் கண் மூடும்வரை, வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். பிறருக்கு அது ஒரு கடதாசி, அவருக்குக் காவல்.

அந்தக் கம்பி வழியே எனக்குக் கிடைத்த நண்பருள் ஒருவர் மாத்தறையிலிருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். நாங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திற் பேசுவோம். அவர் ‘வணக்கம்’ என்று தொடங்குவார். நான் ‘ஆயுபோவன்’ என்பேன். ஏறக்குறைய ஓராண்டாகக் கருவியைப் பற்றியும் மழையைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு டிசம்பர் 26ஆந் திகதி காலை இருவரும் அலைவரிசைக்கு வந்தோம். “உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்?” என்று அவர் கேட்டார். சொன்னேன். நான் திருப்பிக் கேட்டேன். அவரும் சொன்னார். சிறிது நேரம் இரைச்சல் மட்டும் ஒலித்தது. அவருக்கும் கடல் கொண்ட கணக்கொன்று இருந்தது. அரசியல் பேசலாகாது என்ற விதியை நாங்கள் மீறவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் என் பிள்ளைகளைப் பெயர் சொல்லியே விசாரிக்கிறார்.

சொல்லாமல் விடமுடியாத மற்றொரு சம்பவமும் உண்டு. எங்கள் தெருக்கோடியிலே ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய மகன் 1990ஆம் ஆண்டு வீட்டிலிருந்து சென்றவன், திரும்பவில்லை. எந்த அலுவலகத்தின் படியை அவர் ஏறவில்லை, எந்த விண்ணப்பத்தை அவர் நிரப்பவில்லை என்று கேட்டால் விடை சொல்வது அரிது. ஒரு நாள் மாலை அவர் என் அறை வாயிலிலே வந்து நின்றார்.

“மனே, இதுல எல்லா ஊர்க் குரலும் கேக்குமாமே. என்ட புள்ளட குரல் கேக்குமா?” என்றார்.

என் இல்லாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அதற்கு விடை தெரியும். ஆனால் அந்த விடையை எவ்வாறு சொல்வது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. “இல்லம்மா, இதுல கருவி வச்சிருக்கிற ஆக்கள்தான் பேசலாம்” என்றேன். “சரி, நான் ஒருக்காக் கேக்கிறன்” என்றார். கதிரையைக் கொடுத்து, செவிப்பன்னியை அவர் காதுகளில் வைத்தேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டார். யாரோ ஒருவர் மோர்ஸ் ஒலியிலே அழைத்துக்கொண்டிருந்தார். டா-டி-டா-டி, டா-டா-டி-டா. அது என்ன சொல்லுகிறது என்று மூதாட்டி கேட்டார். “ஆராவது கேக்கிறீங்களா, ஆராவது கேக்கிறீங்களா எண்டு ஒருத்தர் கூப்பிடுறார்” என்றேன்.

“பதில் வருதா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப நீ ஒண்டு சொல்லு, மனே. பாவம், கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்.”

நான் திறவியை எடுத்து என் குறியை அடித்தேன். யப்பானின் ஹொக்கைடோத் தீவிலிருந்த அம்மனிதர் உடனே மறுமொழி தந்தார். பெயர், ஊர், வானிலை. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. எழுபத்துமூன்று சொல்லிப் பிரிந்தோம். நான் ஒவ்வொன்றையும் தமிழிற் சொல்லச் சொல்ல, மூதாட்டி தலையசைத்தார். புறப்படும்போது, “கூப்பிட்டா ஒராள் கேக்கணும்” என்று மட்டும் சொன்னார். எங்களிடம் சொன்னாரா, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாரா, அறியேன். அவ்வறையைத் தாண்டி என் கருவிக்குச் சக்தியில்லை. அதன் பின்னர் ஒன்றை மாத்திரம் வழக்கமாக்கிக் கொண்டேன். எவ்வளவு களைப்பாயிருந்தாலும், யாரேனும் அழைத்துப் பதிலின்றி இருப்பதைக் கேட்டால், மறுமொழி கொடாமற் கருவியை நிறுத்துவதில்லை.

இப்போது எமது கல்லூரியிலே சிறு வானொலிக் கழகமொன்று இருக்கிறது. அனுமதிப்பத்திரமில்லாத மாணவர் ஒலிபரப்ப முடியாது, கேட்கலாம். மூங்கிற் கழியிலும் அலுமினியக் கம்பியிலும் அவர்களே ஓர் அன்ரனா செய்தார்கள். அதனைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் வானத்தைக் கடக்கும் வேளையிலே 145.8 மெகாஹேட்ஸில் வைத்துக் கேட்டோம். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் அது செல்லுகிறது. தொடுவானத்திலிருந்து தொடுவானம் போக அதிகம் பத்து நிமிடம். நெருங்கும்போது மீடிறன் சற்று உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் வருவதை மாணவர் செவியால் உணர்ந்தார்கள். கரும்பலகையிலே நான் மூன்று பாடவேளை செலவிட்டு விளக்கியதை அவர்கள் பத்து நிமிடத்திற் கற்றார்கள். முதலாவது ஸ்புட்னிக் 1957இல் ஏவப்பட்டு நான்காண்டுகளே சென்றபோது, 1961 டிசம்பரில், அமெச்சூர்கள் தாமே செய்த ‘ஒஸ்கார்’ என்ற சிறு செய்மதி வானிலே சுழன்றது என்பதைச் சொன்னபோது, “அப்ப நாங்களும் ஒண்டு செய்யலாமா, சேர்?” என்று கேட்டவள் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி.

அவர்களுக்கு மோர்ஸ் கற்பிப்பதிலும் ஓர் இன்பம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது எளிது. குறிலும் நெடிலும் அவர்கள் அரிச்சுவடியிலேயே அறிந்தவை. எமது இலக்கணத்தில் நெடிலின் மாத்திரை குறிலின் இருமடங்கு, மோர்ஸிலே மும்மடங்கு. வேற்றுமை அவ்வளவே.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை இவ்வழியிலே ஆர்வங் காட்டினால் உடனே பெரும் பணம் செலவிட வேண்டாம். குறுகிய அலை கேட்கும் பழைய வானொலிப் பெட்டி ஒன்று வீட்டிலே தூசி படிந்து கிடக்கும். அதைத் துடைத்துக் கொடுங்கள். சில மீற்றர் கம்பியை யன்னல் வழியே வெளியே விடட்டும். முதல் ஆறு மாதம் கேட்கட்டும். எந்த வேளையில் எந்த நாடு வருகிறது என்று ஒரு கொப்பியிலே திகதியும் நேரமும் இட்டு எழுதட்டும். புவியியலும், பௌதிகமும், அயல்மொழியும் அக்கொப்பிக்குள் தாமாக வந்து சேரும். பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் அதற்குப் பின். பேசும் உரிமை கிடைக்கும் முன்னர் கேட்கும் பொறுமை வந்திருந்தால், அப்பிள்ளை வானலையில் மட்டுமன்றி வீட்டிலும் நன்றாகப் பேசும்.

மாரி தொடங்குவதற்கு முன்னர் எங்கள் வீட்டுக் கம்பியை இறக்கி, களிம்பைச் சுரண்டி, தேய்ந்த கயிற்றை மாற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். வரும் சனிக்கிழமை மாணவர் நால்வர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு மத்தியான உணவு சமைப்பதாக என் இல்லாளே முன்வந்து சொன்னாள். செய்மதி செய்யக் கேட்ட அந்த மாணவிக்கு இப்போதே மோர்ஸிற் பதினெட்டு எழுத்துகள் பாடம், எஞ்சியவை எட்டுத்தான்.